வீட்டு லேத்துக்கு த்ரீ ஃபேஸ்

என் லேத்தில் இருப்பது 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார். வீட்டிலோ சிங்கிள் ஃபேஸ்தான். சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றி, மோட்டார் வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. என்ற டிரைவை வைத்து ஓட்டுகிறேன். முதலில் மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். 230/400 வோல்ட் என்றிருந்தால், டெர்மினல் பாக்ஸில் ஸ்டார் இணைப்பை (400 வோல்ட்டுக்கானது) டெல்டாவாக (230 வோல்ட்டுக்கானது) மாற்ற வேண்டும். சாதாரண சிங்கிள் ஃபேஸ் வி.எஃப்.டி. 230 வோல்ட்டுக்கு மேல் தராது.

அப்புறம், லேத்தின் பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் விடவே விடாதீர்கள். ஓடும்போது அதை அணைத்து ஒரு டிரைவையே இழந்தேன். அந்த சுவிட்சைத் தனி ஒயரில், ஓடு, நில் என்ற கட்டளையை வாங்கும் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்குக் கொடுங்கள். மோட்டாரின் ஆம்பியரை டிரைவில் பதியுங்கள், எர்த் கட்டாயம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுநேரம் ஓட்டினால் மோட்டார் சுடும், அதன் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றுகிறது! டிரைவின் மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து 10 நிமிடம் பொறுங்கள். கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.