பழைய போர் வண்டியின் பிராக்கெட்டும் வார்ப்பட்டையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க்கால யுனிவர்சல் கேரியர் போன்ற, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடும் டிராக் வண்டியைப் புதுப்பிப்பவர்கள் இன்ஜினுக்கு மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள். மண்வெட்டி, கோடாரி, தண்ணீர் கேன், இழுவை வடம் எல்லாவற்றையும் தாங்கும் பிராக்கெட், கிளிப், வார்ப்பட்டைகளைக் கடைசியில் அவசர அவசரமாக முடிப்பார்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

இதில் பெரிய தவறு, எடுத்த எடுப்பிலேயே சாண்ட் பிளாஸ்டிங் செய்வது, அதாவது மணலை வேகமாக அடித்துப் பழைய பெயின்ட்டை உரிப்பது. பிராக்கெட் போன இடத்தில் வெல்டிங் தழும்பு, அடைத்த ஓட்டை, பெயின்ட் படாத அச்சு மிஞ்சியிருக்கும். எது எங்கே இருந்தது என்பதற்கு அந்த வண்டியே தரும் சாட்சி அது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, ஆண்டுக்கு ஆண்டு அமைப்பு மாறியதால், வேறொரு வண்டியின் படத்தைப் பார்த்து மாட்டினால் தப்பாகிவிடும். பெயின்ட் அடுக்குகளையும் பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவம் 1944-இல் பழுப்பிலிருந்து ஆலிவ் பச்சைக்கு மாறியது. உடலில் பச்சைக்கு அடியில் பழுப்பு இருந்து, பிராக்கெட்டில் பச்சை மட்டும் இருந்தால், அது பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்கலாம். எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்த பிறகே சுரண்டுங்கள். சுரண்டும்போதும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காட்மியம் என்ற உலோகம் பூசிய கிளிப்பைத் தீயில் காட்டவே கூடாது, அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

அடுத்தது போல்ட், நட்டின் மரை. பிரிட்டனில் செய்த வண்டிகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் தர மரைகளான விட்வொர்த் (கரடு), பிஎஸ்எஃப் (நுண்மை). வட அமெரிக்காவில் செய்தவற்றில் அமெரிக்க மரை. அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கக் கரட்டு மரைக்கு 13. இது மாட்டாது, உடனே தெரிந்துவிடும். கால் அங்குலம்தான் ஏமாற்றும். இரண்டிலும் 20 மரை, ஆனால் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. நட் ஏறிவிடும், சரியாக உட்காராது.

கவசத் தகட்டில் நினைத்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். கடினப்படுத்திய எஃகு சூடேறிச் சட்டென்று ஆறினால் விரிசல் விடும். பழைய ஓட்டை இருந்தால் போல்ட்டே போதும்.

அப்புறம், பருத்திப் பட்டை இருந்த இடத்தில் பளபளக்கும் நைலான் வேண்டாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு கருவியையும் மாட்டிப் பாருங்கள். சாமான் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையைத் துரு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.