பெங்களூர்ல இருந்து சுவிஸ் போய் கார் ஓட்டப் போறவங்களுக்கு

முதல்ல ஒண்ணு, சுவிஸ்ல முழு டிரிப்புக்கும் கார் வேணாம். சூரிக், பெர்ன், லூசர்ன் மாதிரி ஊருக்குள்ள டிரெயினும் டிராமுமே போதும், கார் இருந்தா பார்க்கிங்குக்குத்தான் காசு அழணும். கார் சுகமே மலைப் பாதையிலதான், ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன்னு மூணு பாஸையும் (மலையைத் தாண்டற கணவாய் ரோடு) ஒரே நாள்ல ஒரு சுத்து வந்துடலாம், வியூ பாயின்ட்ல நிறுத்தி எவ்வளவு நேரம் வேணா உக்காந்து பாக்கலாம். அதனால சிட்டிக்கு டிரெயின், மலைக்கு மட்டும் சில நாள் கார்னு பிளான் போடுங்க.

ஆனா இங்கதான் நம்ம ஸ்கூல் லீவு இடிக்குது. பெங்களூர்ல பசங்களுக்கு லீவு ஏப்ரல் மே, அப்ப இந்த மூணு பாஸும் பெரும்பாலும் பனியில மூடியே இருக்கும், திறக்க மே கடைசி இல்லன்னா ஜூன் ஆயிடும். மே மாசம்தான் போக முடியும்னா, வருஷம் முழுக்க திறந்து வெக்கற சிம்ப்ளான், ஜூலியர் பக்கம் ரூட் மாத்துங்க, இல்லன்னா ஃபுர்காவுக்கு ஒரு பக்கம் இருக்கற ரியால்ப்ல காரை டிரெயின்ல ஏத்தி மறுபக்கம் ஓபர்வால்ட்ல இறங்கிக்கலாம். என்னைக் கேட்டா தசரா லீவுதான் பெஸ்ட், ஆனா அக்டோபர்ல பனி சீக்கிரம் விழுந்தா மூடிடுவாங்க, அதனால கிளம்பற அன்னிக்குக் காலைலயே பாஸ் திறந்திருக்கான்னு பாத்துடுங்க.

இங்க இருக்கும்போதே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிடுங்க. பரிவாஹன் சாரதி சைட்ல அப்ளை பண்ணி உங்க ஏரியா ஆர்டிஓல வாங்கணும், ஃபீஸ் 1,000 ரூபா, ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்கணும், பெர்மிட் மட்டும் வெச்சுட்டு ஓட்ட முடியாது. ரென்டல்ல டெபாசிட்டுக்கு ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க, நம்ம டெபிட் கார்டை நம்பிப் போகாதீங்க. கியர் கார்தான் சல்லிசு, ஆனா ஸ்டியரிங் இடது பக்கம், கியரை வலது கையில போடணும், ரோட்ல வலது பக்கம் ஓட்டணும், இத்தனையும் மலை வளைவுல ஒண்ணா பழகறது கஷ்டம், கூட கொஞ்சம் காசு போனாலும் ஆட்டோமேட்டிக்கே எடுங்க.

ஹைவேல டோல் பூத் கிடையாது, அதுக்குப் பதிலா 40 ஃபிராங்க் கட்டி வின்யெட்னு ஒரு ஹைவே கட்டணச் சீட்டு வாங்கணும். சுவிஸ்லயே எடுக்கற ரென்டல் கார்ல அது இருக்கும், மிலன்லயோ மியூனிக்லயோ எடுத்துட்டு வந்தா நீங்கதான் பாத்து வாங்கணும், இப்ப ஆன்லைன்லயே கிடைக்குது. அது இல்லாம மாட்டினா ஃபைன் 200 ஃபிராங்க். யூரோப் முழுக்கன்னு சொல்லி விக்கற சிம் கார்டுல சுவிஸ் சேத்தியான்னும் பாருங்க, அது யூரோப்பியன் யூனியன்ல இல்லாததால பல பிளான்ல விட்டுடறாங்க, மலையில மேப் நின்னா ரொம்ப கஷ்டம்.

ஸ்பீடு விஷயத்துல கொஞ்சமும் அசந்துடாதீங்க. ஹைவேல 120, ஊருக்கு வெளிய 80, ஊருக்குள்ள 50, பல தெருவுல 30. நம்ம அவுட்டர் ரிங் ரோட்ல 60 போர்டு இருக்கற இடத்துல 70ல போற பழக்கம் அங்க செல்லாது, ஊருக்குள்ள அஞ்சு கிலோமீட்டருக்குள்ள தாண்டினாலே 40 ஃபிராங்க், பதினொண்ணுல இருந்து பதினஞ்சுக்குள்ளன்னா 250, அதுக்கு மேல போச்சுன்னா வெறும் ஃபைனோட விட மாட்டாங்க, கேஸாயிடும். ஊருக்குத் திரும்பின பிறகும் ரென்டல் மூலமா நோட்டீஸ் வரும், அதுக்கு அவங்க தனி சார்ஜ் வேற போடுவாங்க. போன்ல கேமரா இருக்கற இடம் காட்டற ஆப் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அதுவே அங்க சட்ட விரோதம். பகல்லயும் ஹெட்லைட் எரியணும். மஞ்ச சீப்ரா கிராஸிங் பக்கத்துல யாராவது நின்னாலே நீங்க நிறுத்தணும், ஹார்ன் அடிச்சுட்டு முந்தறதெல்லாம் வேணாம். சர்க்கிள்ல ஏற்கனவே உள்ள சுத்தறவருக்குத்தான் முதல் வழி.

மலை ரோட்ல மஞ்ச போஸ்ட் பஸ் வரும், குறுகின வளைவுக்கு முன்னாடி மூணு சுரத்துல ஹார்ன் கேக்கும், கேட்ட உடனே ஒதுங்க இடம் பாருங்க. நீல போர்டுல மஞ்ச கொம்பு படம் போட்ட ரோட்ல அந்த டிரைவர் ரிவர்ஸ் எடுங்கன்னு கை காட்டினா எடுத்துத்தான் ஆகணும். இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுட்டே வராம சின்ன கியர்ல வாங்க, ஆட்டோமேட்டிக்லயும் அதுக்கு வழி இருக்கும், வண்டி எடுக்கும்போதே கேட்டு வெச்சுக்கங்க.

பார்க்கிங்ல கோட்டோட கலரைப் பாருங்க. நீலம்னா கார்ல இருக்கற பார்க்கிங் டிஸ்க்ல (வந்த நேரத்தைக் காட்டற அட்டை) வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியைத் திருப்பி கண்ணாடிக்குப் பின்னாடி வெக்கணும், பகல்ல பொதுவா ஒரு மணி நேரம் ஃப்ரீ. வெள்ளைன்னா பெரும்பாலும் மெஷின்ல காசு கட்டணும், மஞ்சன்னா தனியார் இடம், தொடாதீங்க. செர்மாட்டுக்கு உங்க காரை விட மாட்டாங்க, தாஷ்லயே நிறுத்திட்டு ஷட்டில் டிரெயின்ல போகணும். வெங்கன், மியூரன் ரெண்டும் அப்படித்தான், லவுட்டர்புருன்னன்ல காரை விட்டுட்டு ஏறுங்க.

அவசரத்துக்கு போலீஸ் 117, ஆம்புலன்ஸ் 144, எதுவும் ஞாபகம் வரலன்னா 112.