பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ்

கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நானும் மாணவர் விசாவில் அங்கேயே இருந்ததால், எனக்குக் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) கேட்டு, கணவர் தரும் ஐ-130 உறவு மனுவையும் நான் தரும் ஐ-485 விண்ணப்பத்தையும் ஒன்றாகவே குடிவரவுத் துறைக்கு அனுப்பினோம். சில மாதங்களில் கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டதால் சான்றிதழில் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்ததை நான் பொருட்படுத்தாமல் விட்டதே காரணம். ஊரில் அப்பா, இந்த வயதில், நகராட்சிக்குப் பலமுறை நடந்து, என் பள்ளிச் சான்றிதழைக் காட்டிப் பெயரைச் சேர்த்து வாங்கினார். அதனுடன் அம்மாவும் பெரியம்மாவும் அளித்த உறுதிமொழிப் பத்திரங்களையும், மொழிபெயர்ப்பாளர் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்து, கெடுவுக்குள் ஒரே உறையில் அனுப்பினேன். பகுதி பகுதியாக அனுப்பினால் முதலில் போனதை வைத்தே முடிவெடுத்துவிடக்கூடும். மணமாகி 2 ஆண்டுகள் நிறையாததால் 2 ஆண்டுகளே செல்லும் நிபந்தனைக்குட்பட்ட கிரீன் கார்டே கிடைத்தது. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.