பெரிய கடைகளில் சாக்கடை அடைத்துக்கொண்டால்: செய்யக் கூடாத தவறுகள்

தீபாவளிக் கூட்டம் அலைமோதும் நாளில்தான் பேஸ்மென்ட் கழிப்பறையில் கழிவுநீர் மேலேறி வரும். காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கழிப்பறைகளுக்கு ஓய்வே இல்லை. இன்னொரு பக்கம் வடகிழக்குப் பருவமழையில் தெருவின் பாதாளச் சாக்கடையே நிரம்பிக் கிடக்கும். மேலாளருக்கு ஒரே கவலை, கடையை மூடக் கூடாது. பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

வழிகிற இடத்திலேயே கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. அடைப்பு எங்கே இருந்தாலும், அதற்கு மேற்புறம் இருப்பதில் மிகத் தாழ்வான கழிப்பறைதான் முதலில் வழியும். ஒரே ஒரு வாஷ்பேசின் மெதுவாக வடிந்தால் அடைப்பு அந்தக் குழாயோடு சரி. மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ்த்தளத்தில் குமிழி கிளம்பினால் பொதுக்குழாயில் கோளாறு. தெருவுக்குப் போகும் கடைசி சேம்பரை (குழாயைப் பார்க்க மூடி போட்டு வைத்திருக்கும் குழி) சற்றுத் தள்ளி நின்று திறந்து பாருங்கள். அது நிரம்பியிருந்தால் அடைப்பு பெரும்பாலும் வெளியே. உங்கள் பிளம்பரால் ஒன்றும் ஆகாது. சென்னை என்றால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அந்த சேம்பர் காலியாக இருந்தால் பிரச்சினை கட்டடத்துக்குள். எதுவானாலும் மேல்மாடிக் கழிப்பறைகளை உடனே மூடுங்கள். மேலே விடுகிற தண்ணீர்தான் கீழே வழிகிறது.

அப்புறம் ஆசிட். ஃபுட் கோர்ட்டிலிருந்து வந்து உறைந்த எண்ணெய்க் கட்டியையும், யாரோ போட்ட நாப்கினையும் ஆசிட் கரைக்காது. அதே குழாயில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஏ.சி. ஓடும் மூடிய கட்டடத்தில் அது மிகவும் ஆபத்து.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய தவறுகள். சரிசெய்யவே முடியாதது ஒன்று உண்டு: 'பழக்கப்பட்ட ஆள், அஞ்சு நிமிஷ வேலை' என்று ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்குவது. அப்படி இறக்கப்படுகிறவர்கள் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

கழிவுநீர் தேங்கிய குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று சொல்லும் நேரம்தான் உயிர் போகும் நேரம். விழுந்தவரைத் தூக்கப் பின்னால் குதிப்பவரும் சேர்ந்து இறந்துபோகிறார். தெருவிலிருக்கும் மேன்ஹோல் மட்டுமல்ல, பேஸ்மென்டில் பம்ப் வைத்திருக்கும் கழிவுநீர்த் தொட்டியும் இப்படித்தான் கொல்லும். பம்ப் நின்றுவிட்டால் மேலிருந்து சங்கிலியால் தூக்கும்படி அமைத்திருக்க வேண்டும். குழிகளுக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் இயந்திரமும் உறிஞ்சும் லாரியும் இருக்கின்றன.

உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடை, செப்டிக் டேங்க் வேலையில் ஆளை ஈடுபடுத்துவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகவும் மறைமுகமாகவும் தடை செய்கிறது. 'ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள்' என்று கைகழுவ முடியாது. முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

தண்ணீர் வடிந்த பிறகு நடக்கும் தவறு யார் கண்ணிலும் படாது. அரிசி மூட்டையின் அடித்தையல் மட்டும் நனைந்திருக்கும். மேலே காய்ந்த மூட்டைகளோடு கலந்து அடுக்கிவிடுவார்கள். அட்டைப்பெட்டி கழிவுநீரை உறிஞ்சி மேலே ஏற்றும், உள்ளே பிஸ்கட் பாக்கெட் இருக்கும். கழிவுநீர் தொட்ட உணவுப்பொருளை விற்கக் கூடாது, வேலையாட்களுக்கும் கொடுக்கக் கூடாது. தரையைக் கழுவி, கிருமிநாசினி போட்டு, உலரும்வரை அந்தப் பகுதியை மூடி வையுங்கள்.

மழை இல்லாத நாளில் பார்க்க வேண்டியவை: மொட்டைமாடி மழைநீர்க் குழாயைத் தவறாகச் சாக்கடையில் இணைத்திருக்கிறார்களா, கிரீஸ் ட்ராப்பில் (சமையலறைக் கழிவுநீரின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) எண்ணெய் அள்ளப்படுகிறதா, மின்சாரம் போனால் கழிவுநீர் பம்ப் ஜெனரேட்டரில் ஓடுமா. கடையைப் புதுப்பிக்கும்போது சேம்பர் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் பொருள் அடுக்கும் ராக்கும் வைத்துவிடுகிறார்கள். அடைக்கிற நாளில் தரையை உடைத்துத் தேட வேண்டியிருக்கும். சேம்பர்களைக் குறித்த வரைபடம் ஒன்று பராமரிப்பு அறைச் சுவரில் இருக்கட்டும்.