கேம் ஸ்டுடியோவில் நடக்கும் காதல் கதையை எழுதுவது எப்படி?

நாயகிக்கு முதலில் ஒரு வேலையைக் கொடுங்கள். "கேம் கம்பெனியில் இருக்கிறாள்" என்று விட்டுவிட்டால், அவளைப் பேங்கில் உட்கார வைத்தாலும் கதை அப்படியே ஓடும். லெவல் டிசைனர், அனிமேட்டர், ப்ரோகிராமர் என்று எத்தனையோ வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் டெஸ்டர்தான், ஏனென்றால் அடுத்தவன் ஆசை ஆசையாகச் செய்ததில் குறை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம், அதைச் சரிசெய்ய வேண்டியவன் மேலேயே பிரியம் வந்தால் சண்டைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம்.

கேம் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓட வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமை வரையச் சுமார் 16.7 மில்லிசெகண்டுதான் கிடைக்கும், அதற்குள் முடியாவிட்டால் படம் திக்கும். மழைக் காட்சி வந்ததும் அவளுடைய பழைய போனில் படம் திக்குகிறது, அவனுடைய புது போனில் வழுக்கிக்கொண்டு போகிறது. "எனக்கு வரலையே" என்று அவன் அவள் பதிந்த பக்கை (பிழைப் புகாரை) மூடுகிறான், அவள் மறுபடி திறக்கிறாள், அவன் மறுபடி மூடுகிறான். "உங்க போன்ல ஓடும், எங்கம்மா போன்ல ஓடுமா, சொல்லுங்க பாப்போம்" என்று அவள் கேட்கட்டும். மறுநாள் அவன் அதே மாதிரி ஒரு பழைய போனை எங்கேயோ தேடி வாங்கி வந்து மேசையில் வைத்து, மழைத்துளிகளைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கிறான் பாருங்கள், அதுதான் காதல் காட்சி. ரோஜாப்பூ தேவையில்லை.

இடம்? திருநெல்வேலியை எடுத்துக்கொண்டால், பக்கத்தில் கங்கைகொண்டானில் ஐடி பூங்கா இருக்கிறது, ஆனால் ஆறு பேர் ஸ்டுடியோவுக்குப் பாளையங்கோட்டை மகாராஜநகரில் ஒரு வீட்டு மாடி போதும். கீழே வீட்டுக்கார ஆச்சி இருப்பாள்: "ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் பொம்பளப் பிள்ளைக்கு என்ன விளாட்டு வேண்டிக் கெடக்கு?"

ரிலீசுக்கு முந்தைய வாரங்களில், விடிய விடிய வேலை பார்க்கும்போது காதல் மலர்வதாக எல்லோரும் எழுதுகிறார்கள். தூக்கமில்லாதவர்களுக்கு எரிச்சல்தான் மலரும். அங்கே சண்டையை வையுங்கள். ரிலீஸ் முடிந்து கை சும்மா இருக்கிற நாட்களில்தான் பேச்சு வரும்.

அப்புறம், அவன் அவளுடைய டீம் லீடாக இருக்க வேண்டாம். சம்பள உயர்வை முடிவு செய்கிறவனிடம் அவள் எப்படி மனசாரச் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்வாள்? வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்கும் குழு வேண்டும். ஆறு பேர் ஸ்டுடியோவில் அது இருக்காது, மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம்தான் போக வேண்டும். அப்படி ஒரு கதை எழுதலாம்தான், ஆனால் அது வேறு கதை.

வரிக்கு வரி "ஏலே" போடாதீர்கள். "வாரியளா", "போறியளா" போதும், நெல்லை வந்துவிடும். அல்வாப் பொட்டலத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதிலுக்கு, ரிலீசைச் சாக்காக வைத்து அவள் அம்மா டீமையே சாப்பிடக் கூப்பிட்டு, தேங்காய்ப்பாலில் செய்கிற சொதியும் இஞ்சித் துவையலும் வைக்கட்டும். இந்தப் பக்கம் சொதி என்றால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து. டீமில் இருக்கும் சென்னைப் பையனுக்கு மட்டும் அது புரியாமல், அவன்பாட்டுக்கு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும்.