கடை வாசல்ல பொம்மை வேஷம் போட்டு ஆள் நிறுத்தப் போறீங்களா, இத படிச்சிட்டு நிறுத்துங்க

தங்கச்சிமடத்துல ரோட்டு மேலயே நமக்கு பனங்கற்கண்டு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி யாவாரம். ராமேஸ்வரம் போற வேன் பஸ் எல்லாம் நம்மள தாண்டித்தான் போகணும், ஆனா நிக்கணுமே, அதுக்குத்தான் பொம்மை வேஷம்.

மொதல்ல உள்ள நிக்கிற ஆளப் பத்தி சொல்லிடுறேன், துணிய பத்தி அப்புறம். நான் மொத தடவ மதுரையில இருந்து கரடி ட்ரெஸ் வாடகைக்கு எடுத்துட்டு வந்து சித்திரை மாசம் மதியம் ஒரு மணிக்கு பக்கத்து வீட்டு தம்பிய நிறுத்திட்டேன், முக்கா மணி நேரத்துல "அண்ணே, தலை சுத்துதுண்ணே"ன்னு அப்படியே உக்காந்துட்டான். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு சூடு எறங்கும், நம்ம கடக்கரை புழுக்கத்துல அது சும்மாவே காயாது, இதுல சுத்தி ஃபோமும் ரோமத் துணியும். அன்னிக்கு பட்ட பயம் எனக்கு இன்னும் போகல.

அதனால ரெண்டு பேர வச்சுக்கோங்க, ஆளுக்கு 20 நிமிசம், அப்புறம் தலைய கழட்டிட்டு நெழல்ல ஃபேன் முன்னாடி உக்காரணும், உப்பு போட்ட மோர் குடுங்க. காலையில 7ல இருந்து 10, சாயங்காலம் தனுஷ்கோடி பாத்துட்டு வண்டி திரும்புற நேரம், இவ்ளோதான். மதியம் வேண்டவே வேண்டாம், கோயில் நடையும் சாத்தியிருக்கும். உள்ள இருந்து பேசுனா வெளிய கேக்காது, ரெண்டு கையையும் தலை மேல வச்சா உடனே கழட்டணும்னு பேசி வச்சுக்கோங்க. ஆள் குழப்பமா பேசுனாலோ மயங்குனாலோ ட்ரெஸ்ஸ கழட்டி ஈரத்துணி போட்டுக்கிட்டே 108க்கு அடிச்சிடுங்க.

இப்ப வேஷம். டிவி கார்ட்டூன் பொம்மைய காப்பி அடிக்காதீங்க, அதுக்கு உரிமைக்காரங்க இருக்காங்க, சட்டப் பிரச்சனை வரும், அதுவும் போக எல்லா ஊர்லயும் நிக்கிறது நம்மூர்லயும் எதுக்கு? நான் தச்சது ஆவுளியா, அதான் கடல் பசு. நம்ம கடல்ல கடல் புல்ல மேஞ்சிட்டு, மூச்சு விட மட்டும் மேல வந்துட்டுப் போற சீவன், புடிச்சா சட்டப்படி குத்தம். 2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர அதுக்குன்னே பாதுகாப்பு பகுதியா அறிவிச்சாங்க. வெளியூர் பிள்ளைக "இது என்ன மீனு"ன்னு கேக்கும், மீன் இல்லப்பா, குட்டிக்குப் பால் குடுக்குற சீவன்னு சொல்ல ஆரம்பிச்சா அப்பா அம்மாவும் எறங்கி வந்து நிப்பாங்க, அந்த ரெண்டு நிமிசம்தான் நமக்கு யாவாரம்.

தைக்கும்போது வாலு தரையில இழுபடாம குட்டையா வைங்க, காலு ஃப்ரீயா இருக்கணும். பாக்குறதுக்கு வாய் பக்கம் கறுப்பு வலை, உச்சியில காத்து போக ஓட்டை, உள்பக்கம் பருத்தித் துணி.

பக்கவாட்டுல சுத்தமா தெரியாது, அதனால கூட ஒரு ஆள் எப்பவும் நிக்கணும். ரோட்டோரம் நிறுத்தாதீங்க, வேன்காரர் சடன் பிரேக் போட்டா பின்னாடி வர்றவன் மோதிடுவான், வண்டி நிறுத்த எடம் எங்க இருக்கோ அங்க நிறுத்தி கைய ஆட்டச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைககிட்ட நாமளா போகக்கூடாது, பயந்து அழுதுரும், அதுவா வரட்டும். கற்கண்ட கூட நிக்கிற ஆளுதான் குடுக்கணும், வேர்வை பட்ட கையுறையோட வேண்டாம்.

ராத்திரி உள்பக்கத்த சோப்புத் தண்ணி தொட்டுத் தொடச்சு காத்தாட தொங்க விடுங்க, ஈரத்தோட மடிச்சா ரெண்டே நாள்ல பூசணம் புடிக்கும். பனியனும் தலையில கட்டுற துண்டும் ஆளுக்குத் தனித்தனியா இருக்கணும், ஒருத்தர் போட்டத இன்னொருத்தருக்கு குடுக்காதீங்க.