மலையில் சீரியல் விட்டுப்போகாமல் இருக்க

புதுத் தொடரின் புரமோ ஓட ஆரம்பித்ததும் கீழே சமவெளியில் இருப்பவர்கள் நேரத்தை மட்டும் குறித்துவைத்தால் போதும். ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கூரைமேல் இருக்கும் டிஷ்ஷையும் ஒரு நடை ஏறிப் பார்த்துவிட வேண்டும். கதை சூடு பிடிக்கும் வாரத்தில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால், மழைக்காலத்தில் ஆள் வந்து பார்ப்பதற்குள் பத்து எபிசோடு ஓடிவிடும்.

படம் உடைந்தாலே மூடுபனியைத் திட்டுவது நம் வழக்கம். டிஷ்ஷுக்கு வரும் அலையை மூடுபனி அவ்வளவாகத் தடுக்காது. கனமழை தடுக்கும். தட்டின் எதிரே கம்பி நுனியில் இருக்கும் எல்என்பி (அலையை வாங்கிக் கேபிளுக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி) முகத்தில் வழியும் தண்ணீர் தடுக்கும். லேசான பனிக்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறதென்றால், கேபிள் முனையில் இருக்கும் கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம். இல்லையேல் டிஷ் முன்பே சற்று விலகி, ஒட்டியும் ஒட்டாமலும் சிக்னல் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

ரிமோட்டை எடுத்து செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறங்கள். 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு பட்டை இருக்கும். மழை இல்லாத நாளில் இரண்டின் அளவையும் ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். கோளாறு வரும்போது இந்தத் தாள்தான் கை கொடுக்கும். ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி மட்டும் சுழி என்றால் டிஷ் திசை மாறிவிட்டது, அல்லது எதிரே ஏதோ மறைக்கிறது. இரண்டும் சுழி என்றால் கேபிள், கனெக்டர், எல்என்பி மூன்றில் ஒன்று போய்விட்டது. பாதி சேனல் தெரிந்து பாதி தெரியாவிட்டாலும் சந்தேகம் கேபிள் மேல்தான். ஒரு பாதிச் சேனல்களுக்கு 13 வோல்ட்டும் மறுபாதிக்கு 18 வோல்ட்டும் பாக்ஸ் கேபிள் வழியே அனுப்புகிறது. துருப்பிடித்த இணைப்பில் 18 முழுதாகப் போய்ச் சேராது.

திசைக் கணக்கு இது. சன் டைரக்ட்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் பயன்படுத்தும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக 123 டிகிரியில், அதாவது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 66 டிகிரி உயரத்தில் இருக்கும். கொடைக்கானலில் திசை 122, உயரம் 68. டாடா பிளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரியில் இருப்பதால் ஊட்டியிலிருந்து இன்னும் தெற்கே தள்ளி 75 டிகிரி உயரத்தில் வரும். ஏர்டெல் 108.2 டிகிரி, அது கிழக்கே சாய்ந்து 51 டிகிரி உயரத்திலேயே நின்றுவிடும். டிஷ் தட்டைப் பார்த்தால் இவ்வளவு மேலே பார்ப்பதாகவே தெரியாது. நம் வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை (எல்என்பி தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி இருக்கும்) என்பதால் தட்டு கணக்கைவிட 20 டிகிரிக்கு மேல் தாழப் பார்த்தே நிற்கும். 'குனிந்திருக்கிறதே' என்று யாரும் தூக்கிவிட வேண்டாம்.

இந்த உயரக் கணக்கு மரத்துக்கு உதவும். டிஷ்ஷிலிருந்து 10 அடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக், டிஷ் மட்டத்துக்கு மேல் 22 அடி வளர்ந்தால்தான் ஜிசாட்-15ஐ மறைக்கும். ஏர்டெல் என்றால் 12 அடியே போதும். மேட்டுக்கு அடியில் இருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில், தென்கிழக்கே சரிவும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நெருக்கி நின்றால், இணைப்பு வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு மரத்தை வெட்டலாம் என்று நினைத்தால், மலையில் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு ஒன்றரை டிகிரி விலகல் என்பதே பெரிய அடி. கிடைக்கும் சிக்னலில் பாதி போய்விடும். கையால் பார்த்தால் அது தட்டின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே வந்ததுபோலத்தான் இருக்கும். குரங்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும். அந்தக் காலத்து தூர்தர்ஷன் ஆன்டெனாக் குழாயிலேயே டிஷ்ஷைக் கட்டியிருக்கும் வீடுகளுக்குக் குரங்குகூடத் தேவையில்லை, காற்றே போதும். ஒன்றரை அங்குல ஜிஐ குழாய், அல்லது சுவரில் நேராக போல்ட்டு அடித்த தாங்கி, இரண்டில் ஒன்றுதான் நிற்கும். தரையில் நட்ட கம்பம் வேண்டாம். காட்டெருமை முதுகைத் தேய்க்கும். சரியாக நின்றதும் நட்டுகள் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் எந்த நட்டு அசைந்தது என்று மீட்டர் இல்லாமலே தெரியும்.

டிஷ்ஷைத் திருப்பும்போது ஒருவர் கூரையில், ஒருவர் டிவி முன்னால். கூரையில் இருப்பவர் ஒரு விரல் நகம் அளவு அசைத்துவிட்டு ஐந்து விநாடி பொறுக்க வேண்டும். பட்டை ஏற அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது. மழை நனைத்த தகரக் கூரையில் மட்டும் ஏறாதீர்கள்.

அடுத்தது கனெக்டர். கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். எல்என்பியிலிருந்து கழற்றிப் பாருங்கள்: நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் சுரண்டிப் பயனில்லை, அரை அடி வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். வெட்டிய இடத்தில் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஈரமாக இருந்தால், வறண்ட பகுதி வரும்வரை வெட்ட வேண்டியதுதான். ஆர்ஜி-6 கேபிள் கேளுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நீட்டியிருக்கட்டும். வலைக்கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. மாட்டி முடித்ததும் மேலே பசை ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கேபிளைச் சுவருக்குள் நுழைப்பதற்கு முன் ஒரு கை அகலத்துக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப்போகும், வீட்டுக்குள் வராது.

இவ்வளவு செய்தாலும் கொட்டும் மழையில் படம் போகும். அதற்கு மருந்து கிடையாது, பொறுத்திருக்க வேண்டியதுதான். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் தொல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்றைக்கு எந்த டிஷ்ஷும் ஒன்றும் செய்திருக்க முடியாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில் கவனம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், நல்ல வெயிலிலேயே, ஜிசாட்-15ஐப் பார்க்கும் டிஷ்ஷில் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. சில நாளில் தானே சரியாகிவிடும். இடி மழையில் பிளக்கோடு சேர்த்து டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மரம் விழுந்து கரண்ட் போகும் மாதங்களுக்கு, 32 இன்ச் எல்இடி டிவியும் பாக்ஸும் சேர்ந்து 70 வாட் என்று வையுங்கள். 40 ஏஎச் பேட்டரியோடு சின்ன இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓடும். ஏழு முதல் ஒன்பதரை வரைக்கும் போதும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் பேட்டரி சற்று முன்னதாகவே சோர்ந்துவிடும். அதை வெளித் திண்ணையில் வைக்காதீர்கள்.

விட்டுப்போன எபிசோடை செயலியில் பிடிக்கலாம்: சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 என்று சேனலுக்கொன்று. அரை மணி நேர சீரியலில் விளம்பரம் போக இருபது நிமிடத்தை ஒட்டித்தான் கதை. குறைந்த தரத்தில் இறக்கினால் டேட்டா குறைவாகவே ஆகும். வீட்டில் டவர் எடுக்காவிட்டால் டவுனுக்கு வரும்போது ஒரு வாரத்தையும் சேர்த்து இறக்கிக்கொண்டு போய்விடலாம். பாக்ஸில் பென்டிரைவ் பதிவு வசதி இருந்தால் டைமரை ஐந்து நிமிடம் முன்னும் பத்து நிமிடம் பின்னும் வையுங்கள். இரண்டு சீரியல் கதை ஒன்றாகச் சேரும் மகாசங்கமம் என்று அறிவித்தால் இரண்டு சீரியல் நேரத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். புதுத் தொடர் வரும் வாரத்தில் பழைய டைமர் எல்லாவற்றையும் சரிபாருங்கள். இடம் விடுவதற்காகப் பழையதை இரவு பத்து மணிக்கோ மதியத்துக்கோ தள்ளிவிடுவார்கள்.

ஒரு மாதமே விட்டுப்போனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. வாரக் கடைசி எபிசோடில்தான் திருப்பம் வைப்பார்கள். அதையும் அடுத்த திங்கள் எபிசோடின் முதல் பகுதியையும் பார்த்தால் நூல் பிடித்துவிடலாம். நடுவில் இருக்கும் நாட்களில் பாதி நேரம் முகத்துக்கு முகம் கேமரா ஓடுவதுதான்.

திரும்பி வரும் தொடருக்கு முன்கதை தேவையா என்பது அது எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. 'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்து அதே டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று வந்தது. குடும்பம் அதேதான், முக்கியப் பாத்திரங்கள் சிலவற்றில் மட்டும் ஆள் மாறியது. இதற்கு முன்கதை தெரிந்தாக வேண்டும். 2023இல் வந்த 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பிகள் கதையிலிருந்து அப்பா மகன்கள் கதைக்குப் போய்விட்டது. முதல் பாகம் பார்க்காதவர்களும் தாராளமாக உட்காரலாம். புரமோவில் பழைய பாத்திரப் பெயர்கள் வருகின்றனவா என்று கவனித்தாலே எந்த வகை என்பது புரிந்துவிடும்.

கதை பேசும்போது ஒரு சின்ன ஒழுங்கு. மழை நாளில் ஒரே ஊரிலேயே மேல்லைன் வீட்டில் படம் வந்திருக்கும், கீழ்லைனில் வந்திருக்காது. காலையில் இலை பறிக்கப் போகும்போது, "நேத்து உங்களுக்குச் சிக்னல் இருந்துச்சா அக்கா?" என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் என்றால் முதல் வரியில் சீரியல் பெயர், தேதி. கதை நான்கு வரி தள்ளி. அப்போதுதான் போனைத் திறந்ததும் மேலே தெரியாது.